ஹெக்டர் அள்ளிய சாம்பல்

இந்த வீட்டை விட்டு ஓர் அடிகூட நகர்வதில்லை என்று ஹெக்டர் பர்டன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தீர்மானித்தான். அப்போது அவன் அடுப்புக்கு எதிரே தகரத் தொட்டியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி எஃபி முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆகையால் தீர்மானத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. கையில் பிரஷ் வைத்திருக்கிற மனைவியிடம் எந்தப் புருஷனும் தீர்மானம் பேசுவதில்லை.

"புது வீட்டுல குளிக்கறதுக்குன்னே தனியா ஒரு ரூம் இருக்குங்க. கதவு இருக்கு. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கு" என்றாள் எஃபி.

"தாழ்ப்பாள் எதுக்கு? என்னை யாரு திருடிட்டுப் போகப்போறா?"

"உங்களுக்கு இல்ல. நான் குளிக்கறப்போ உங்க சிநேகிதர் லாக்கி 'ஹெக்டர் இருக்கானா'ன்னு கதவைத் தள்ளிட்டு வராரே, அதுக்கு."

"அவன் கண்ணை மூடிக்கிட்டுத்தானே வந்தான்."

"கண்ணை மூடினவரு கீழ விழுந்த சோப்பை எப்படி எடுத்துக் குடுத்தாரு?"

ஹெக்டர் பேச்சை வானிலைக்குத் திருப்பினான். கிளாஸ்கோவில் அது ஒன்றுதான் எப்போதும் மோசமாக இருக்கும். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

எஃபி ஆசைப்பட்டதில் தப்பில்லை. கப்பல் பட்டறைகளுக்குப் பின்னால் கரி படிந்த நாலு மாடிக் கல் கட்டடம். மூன்றாவது மாடியில் அவர்களுக்கு ஒரு அறையும் ஒரு சமையலறையும். சமையலறைச் சுவரிலேயே உள்ளடங்கினாற்போல் ஓர் இடம், அதில்தான் கட்டில். கக்கூஸ் மாடிப்படித் திருப்பத்தில் இருந்தது. மூன்று குடித்தனத்துக்கு அது ஒன்றுதான். குளிர்காலக் காலையில் அந்தக் கதவுக்கு முன்னால் கோட்டைப் போர்த்திக்கொண்டு நின்று நின்று, எஃபிக்கு வாழ்க்கையே ஒரு வரிசையாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. நகரசபை ஊருக்கு வெளியே கட்டுகிற வீடுகளில் ஒன்றுக்குப் பேர் கொடுத்துவிட்டு அவள் வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். இப்போது முறை வந்துவிட்டது.

அந்தப் புதுக் குடியிருப்பில் எல்லாம் இருந்தது. தோட்டம், விளையாட்டு மைதானம், காற்று. பப் மட்டும் இல்லை. தன் நிலத்தில் சாராயம் விற்கக் கூடாது என்று நகரசபை முடிவு செய்திருந்தது. ஹெக்டரின் மூலை பப் இந்த வாசலிலிருந்து கூப்பிடு தூரம். டிராம் ஏறி, மாறி, மறுபடி ஏறி ஒரு கிளாஸ் பீர் குடிக்கப் போகிறவனை அவன் மனிதனாகவே மதித்ததில்லை. அந்த இடத்தில் தான் செத்தே போய்விடுவோம் என்று உண்மையாகவே பயந்தான்.

இதில் ஹெக்டரின் ரகசியம் ஒன்றும் இருந்தது. எஃபி சின்ன வயதில், மதுவைத் தொடுவதில்லை என்று தேவாலயத்தில் சத்தியம் செய்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சத்தியத்தை வீட்டுக்கும் நீட்டிவிட்டாள். வெளியே குடித்துவிட்டு வரலாம், வாசற்படிக்குள் பாட்டில் வரக் கூடாது. ஆறு நாளைக்கு இது சரி. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தேசத்தில் பப்புகளுக்குப் பூட்டு. அன்றைக்கு என்ன செய்வது?

போன குளிர்காலத்தில் ஹெக்டர் அதற்கு வழி கண்டுபிடித்தான். எஃபி தேவாலயம் போனபிறகு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய் ஒரு தரைப்பலகையைப் பெயர்த்தான். பாட்டில் வைக்க இடம் இருக்கும் என்று நினைத்தான். இல்லை. உத்தரங்களுக்கு நடுவே இன்னொரு பலகைத் தட்டு. அதன் மேல் கருஞ்சாம்பலும் உலைக்கசடும் கிளிஞ்சல் துண்டுகளும் விளிம்பு வரைக்கும் திணித்து வைத்திருந்தது.

ஹெக்டருக்குச் சிரிப்பு வந்தது. கட்டடம் கட்டினவன் குப்பையை மூன்று மாடி இறக்கிக் கொட்டச் சோம்பல்பட்டுத் தரைக்குள்ளேயே அமுக்கிவிட்டான் என்று முடிவு செய்தான்.

அது குப்பை இல்லை. மேல் வீட்டுச் சண்டை கீழ் வீட்டுச் சாப்பாட்டில் விழக் கூடாது என்று அந்தக் காலத்துக் கட்டடக்காரர்கள் செய்து வைத்த ஏற்பாடு. சத்தம் சாம்பலில் புதைந்து போகும். சுவருக்குக் காது உண்டு என்பார்களே, தரைக்கு இருந்த காதை அவர்கள் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். ஹெக்டர் அந்தப் பஞ்சைப் பிடுங்க ஆரம்பித்தான்.

சாம்பலை எங்கே போடுவது என்ற கவலையே இல்லை. தினமும் அடுப்புச் சாம்பலைப் பின்கட்டுத் தொட்டியில் கொட்ட வேண்டும். அதோடு இதையும் கலந்தான். எஃபி நெகிழ்ந்து போனாள். கரண்டியைக்கூட எடுத்து வைக்காத புருஷன் காலையில் தானாகச் சாம்பல் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறான். படிக்கட்டுக் குடித்தனங்களிடமெல்லாம் அவனைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள்.

முதலில் இரண்டு பாட்டிலுக்கு மட்டும்தான் இடம் செய்தான். பாட்டில் நாலானபோது இன்னும் கொஞ்சம் தோண்டினான். பிறகு, இடம் இருக்கிறதே என்று பாட்டில் வாங்கினான். வசந்தம் வருவதற்குள் சமையலறைத் தரைக்குக் கீழே ஒரு பிடி சாம்பல் இல்லை. வீட்டுக்காரரை அங்கே யாரும் பார்த்ததில்லை; அவருக்காக வாடகை வாங்குகிற ஏஜென்ட் டன்பாரைத்தான் தெரியும். சுவரில் ஆணி அடித்தாலே முகம் சுளிக்கிற ஆள். மாடியில் கோழி வளர்த்த ஒருவனைக் கோழியோடு சேர்த்துக் காலி பண்ண வைத்தவர். அவருக்கு இந்தச் சங்கதி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது ஹெக்டரின் எண்ணம்.

ஞாயிறு மத்தியானம் லாக்கி வருவான். இருவரும் கப்பல் பட்டறையில் ஆணி அறைகிற ஜோடி. பழுக்கக் காய்ச்சிய ஆணியை இந்தப் பக்கம் ஹெக்டர் அறைவான். அந்தப் பக்கம் லாக்கி முட்டுக் கொடுப்பான். இரும்புத் தகட்டுக்கு நடுவே வருஷக்கணக்காக நின்றதில் இருவர் காதும் பாதி போய்விட்டது. அவர்கள் ரகசியம் பேசினால் மற்றவர்கள் ஏலம் போடுகிற மாதிரி இருக்கும். கட்டிலடியில் பாட்டிலை எடுத்து, தரையிலேயே சாய்ந்துகொண்டு, உலக நடப்பிலிருந்து எஃபியின் சமையல் வரை எல்லாவற்றையும் விமர்சிப்பார்கள். எஃபி வர நேரமாகும். புதுப் பாதிரியார் ரொம்ப நீளமாகப் பிரசங்கம் செய்கிறார் என்று சொல்லியிருந்தாள். அதற்காக ஹெக்டர் கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான் எஃபிக்கு எல்லாம் தெரிய ஆரம்பித்தது.

அவளுடைய ஆட்டுத்தலை சூப் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று ஹெக்டர் ஒரு ஞாயிறு லாக்கியிடம் சொன்னான். திங்கட்கிழமை அவன் தட்டில் வெந்நீர் இருந்தது. "வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சேன்" என்றாள். இன்னொரு வாரம், சனிக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் கால்பந்து பார்க்கப் போவதாக லாக்கியிடம் திட்டம் போட்டான். சனிக்கிழமை எஃபி ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கூடவே அவன் அணியின் நிறத்திலேயே ஒரு கம்பளி மப்ளர்.

"ஓவர்டைம்ல கூட்டமா இருக்கும். காத்து வேற அடிக்கும். கோல் போட்டா ரொம்பக் கத்தாதீங்க, தொண்டை கட்டிக்கும்."

ஹெக்டர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினான். எஃபியின் தாய்வழி ஆட்கள் ஸ்கை தீவுக்காரர்கள். அந்தத் தீவில் சிலருக்குக் கண்ணுக்கு எட்டாதது தெரியும், நடக்கப்போவதும் தெரியும் என்பது ஊரறிந்த விஷயம். அந்தக் கண் எஃபிக்குத் திறந்துவிட்டது என்று அவன் நம்பினான். அதற்குப் பிறகு வீட்டில் யோசிப்பதையே குறைத்துக்கொண்டான். முட்டைக்கோஸ் பிடிக்கவில்லை என்று நினைப்பதென்றால்கூடப் பட்டறைக்குப் போய்த்தான் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கண் பாதிரியார் மேல் இருக்கும் என்று நம்பி, பெரிய திட்டத்தை அன்றைக்கு வைத்துக்கொண்டான். புது வீடு கொடுப்பதற்கு முன்னால் நகரசபையிலிருந்து ஓர் அம்மாள் வருவாள். இவர்கள் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறார்களா என்று கட்டில் அடி வரை பார்ப்பாள். அழுக்கு என்று அவள் சொல்லிவிட்டால் நல்ல வீடு கிடைக்காது. அவள் வியாழக்கிழமை வருகிறாள். லாக்கி கூரை மேல் ஏறிப் புகைபோக்கியில் ஈரச் சாக்கை அடைக்க வேண்டும். மீதியைப் புகை பார்த்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை எல்லாம் கச்சிதமாக நடந்தது. ஹெக்டர் பட்டறைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தான். லாக்கி சாக்கை அடைத்தான். சமையலறையில் புகை திரும்பிப் பொங்கி, சுவர், திரை, பீங்கான் நாய்ப் பொம்மை, ஹெக்டர் எல்லாம் ஒரே நிறமானது. கண்ணில் தண்ணீர் வழிய, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கதவைத் திறந்துகொண்டு எஃபி வந்தாள்.

"யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"யாருக்கும் இல்லியே."

"நகரசபை அம்மாவுக்கா? அவங்க நேத்தே வந்துட்டுப் போயிட்டாங்களே. நான்தான் ஒரு நாள் முன்னாடி வரச் சொன்னேன். இந்தத் தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்னாங்க." ஒரு வாளியையும் பிரஷ்ஷையும் அவன் முன்னால் வைத்தாள். "மேல இருந்து ஆரம்பிங்க. அப்பத்தான் கரி ஒழுகினாலும் துடைச்சுக்கிட்டே வரலாம். கூரையில இருக்கறவரையும் இறங்கி வரச் சொல்லுங்க, மழை வருது."

நாலு சுவரையும் தேய்த்து முடித்தபோது ஹெக்டரிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் மிச்சம் இருந்தது. வீடு புருஷன் பேரில்தான் கொடுப்பார்கள். அவன் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். எஃபி அழவில்லை, சண்டையும் போடவில்லை. துடைத்த ஜன்னலில் திரையை மாட்டினாள். பிறகு, "சரி" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே வார்த்தையில் சம்மதித்து ஹெக்டர் பார்த்ததில்லை. மிச்ச நாளெல்லாம் அவன் அந்தச் 'சரி'க்கு அர்த்தம் தேடினான்.

அடுத்த ஞாயிறு, லாக்கியின் கை பட்டு ஒரு பாட்டில் பலகைக்கு அடியில் உருண்டு உடைந்தது. உறிஞ்சச் சாம்பல் இல்லாததால் பீர் நேராகக் கீழே போயிற்று. கீழ் வீடு ராட்ரே அம்மாளுடையது. தனியாக இருக்கிற விதவை. எஃபியோடு ஒரே தேவாலயம். அவள் தேவாலயத்திலிருந்து வருவதற்குள் துடைத்துவிடலாம் என்று ஹெக்டர் துணியோடு ஓடினான். கதவை அங்கே யாரும் பூட்டுவதில்லை.

சமையலறைக்கு நடுவில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. அடுப்பைப் பார்த்து இல்லை, ஜன்னலைப் பார்த்தும் இல்லை. சும்மா, நடு வீட்டில், தன் கட்டிலுக்கு நேர் கீழே. பக்கத்து முக்காலியில் இரண்டு கோப்பை, ஒரு தட்டு நிறைய வெண்ணெய் பிஸ்கட், பாதி பின்னின கம்பளிக் காலுறை. காலுறை ஹெக்டரின் அளவு.

அவன் ஒரு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான். தலைக்கு மேலே லாக்கி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு லாக்கி தனக்குள் சொல்லிக்கொண்டான்: "அவன் வரதுக்குள்ள இன்னொண்ணு திறந்துடலாம். கஞ்சன், எண்ணியா வெச்சிருக்கான்?" பாதி செவிடான ஹெக்டர் காதிலேயே அது மணி அடித்தாற்போல விழுந்தது.

தீவுக் கண் இல்லை. தெய்வசக்தி இல்லை. எஃபி சொன்ன நீளப் பிரசங்கம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டது. எல்லாம் அவன் அள்ளிக் கொட்டின சாம்பல். ஹெக்டருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. மனைவிக்கு எது எப்படித் தெரிகிறது என்று தெரிந்துகொண்ட புருஷன் ஊரில் தான் ஒருவன்தான் என்று பூரித்துப்போனான். அந்தப் பூரிப்பில் சிந்தின பீரைத் துடைத்து, ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றுவிட்டுப் படியேறினான்.

அன்று சாயங்காலம் எஃபி சூப் ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ராட்ரேம்மா வீட்டுல எலி வந்திருக்கு போல."

"அப்படியா? பொறி வெக்கச் சொல்லு."

"வெக்கணும். ஏங்க, போன குளிர்காலத்துல அவ்வளவு சாம்பல் கொண்டுபோய்க் கொட்டினீங்களே. நாம எரிச்ச கரி கொஞ்சம்தானே?"

"மட்டமான கரி. எல்லாம் சாம்பலாப் போச்சு."

"ஆமா, இந்தக் காலத்துல எதையும் நம்ப முடியல" என்று சொல்லிவிட்டு எஃபி அவனுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவள் அன்பாக இருந்ததில் ஹெக்டருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

வாரம் முழுக்கப் பட்டறையில் யோசித்துத் திட்டத்தைக் கூர் தீட்டினான். ஒட்டுக்கேட்கிறவள் எதை நம்புவாள்? ஒட்டுக்கேட்டதைத்தான். ஆகவே கீழே விழ வேண்டிய பொய்யை மேலிருந்து போட வேண்டும். அடுத்த வாசலில் ஸ்ப்ரோட் அம்மாள் என்று ஒருத்தி. துணி துவைக்கிற கூடத்தில் எஃபியின் முறை நாளில் தன் துணியை ஊற வைத்தவள். அன்றிலிருந்து அவள் நடந்த பக்கம்கூட எஃபி நடப்பதில்லை. புதுக் குடியிருப்பில் அந்த ஸ்ப்ரோட்டுக்குத்தான் பக்கத்து வீடு என்று காதில் போட்டால் போதும். வீடே வேண்டாம் என்று எஃபியே ஓடி வருவாள்.

லாக்கியிடம் இதைப் பட்டறையில் சொல்ல முடியவில்லை. சுத்தியல் சத்தத்தில் அவனுக்குப் புரிந்தது பாதி, அதுவும் தப்புப் பாதி. சரி, ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

ஞாயிறு வந்தது. எஃபி தொப்பி வைத்துக்கொண்டு தேவாலயம் போனாள். லாக்கி வந்தான். கீழே நாற்காலி நகர்கிற சத்தம் வரட்டும் என்று ஹெக்டர் காத்திருந்தான். கிறீச் என்று கேட்டது. அவன் லாக்கியின் காதருகே வாயை வைத்து, தன்னால் முடிந்த மட்டும் மெதுவாகப் பேசினான்.

"கீழ உக்காந்து கேக்கறாங்கடா. ரெண்டு பேரும்."

"தரை வழியாவா?" லாக்கியும் ரகசியமாகத்தான் கேட்டான். "எங்க வீட்டுல கீழ கல்யாணமே நடந்தாலும் எங்களுக்குக் கேக்காதே."

"உங்க தரைக்குள்ள சாம்பல் இருக்கு. நான் இங்க எடுத்துட்டேன்."

"எவ்வளவு எடுத்தே?"

"எல்லாத்தையும். அந்தச் சுவருலேருந்து இந்தச் சுவரு வரைக்கும். குளிர்காலம் பூரா நானே அள்ளிக் கொட்டினேன்." சொல்லும்போது ஹெக்டருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அடப்பாவி. டன்பாருக்குத் தெரிஞ்சா மறுநாளே உன்னை நடுத்தெருவுல நிறுத்திடுவாரே."

"அவருக்கு யாரு சொல்லப்போறா? நீயா சொல்லுவே? விடு. இப்போ நான் சத்தமா ஸ்ப்ரோட் பேரை எடுப்பேன். உடனே நீ, 'ஐயோ அந்தப் பொம்பளையா பக்கத்து வீடு'ன்னு கத்தணும். எஃபிக்குச் சந்தேகமே வரக் கூடாது."

"ஸ்ப்ரோட்டுக்கு நெஜமாவே அங்க வீடு குடுத்திருக்காங்களா?"

"இல்லடா முட்டாள், பொய்டா."

லாக்கி புரிந்ததாகத் தலையாட்டினான். ஹெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பட்டறையில் கிரேன்காரனைக் கூப்பிடுகிற குரலில் ஆரம்பித்தான்.

"லாக்கி, எங்களுக்குப் புது வீடு குடுத்திருக்காங்களே, பக்கத்து வீடு யாருக்குத் தெரியுமா? ஸ்ப்ரோட் அம்மாவுக்கு."

"ஐயோ, அந்தப் பொம்பளையா?" என்று லாக்கி ஜன்னல் அதிரக் கத்தினான்.

கீழே சத்தமே இல்லை. ஹெக்டர் கண்ணைச் சிமிட்டினான். அப்போது கீழேயிருந்து யாரோ இருமினார்கள். ஆம்பிளை இருமல். ராட்ரே அம்மாள் வீட்டில் ஆம்பிளை யாரும் கிடையாது.

ஞாயிறு பிரார்த்தனை முடிந்து, சபைக் காரியங்களைப் பார்க்கிற மூப்பர் சபையில் யாராவது ஒருத்தர் வீட்டுக்கு டீ குடிக்க வருவது அங்கே வழக்கம். இந்த வாரம் ராட்ரே அம்மாள் அழைத்திருந்தாள். அந்தத் தேவாலயத்துக்கு மூப்பர் யார் என்பது ஹெக்டருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் அந்தப் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது.

"மிஸ்டர் பர்டன்" என்றது தரை. "நான் டன்பார். ஞாயித்துக்கிழமை நான் வேலை பாக்கறதில்ல. சாம்பலைப் பத்தியும் வீட்டைக் காலி பண்றதைப் பத்தியும் நாளைக்குக் காலையில வந்து பேசறேன். நீங்க மெதுவாவே பேசலாம், எல்லாம் நல்லாக் கேட்டுது."

லாக்கி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து தொப்பியைத் தேடினான். ஹெக்டர் பலகையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். கீழேயிருந்து எஃபியின் குரல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, அவ்வளவு இதமாக.

"ஏங்க, கையெழுத்து நாளைக்கு மத்தியானம் போட்டுடலாம். லாக்கியை மட்டும் அனுப்பிடாதீங்க, கட்டில் தூக்க ஒரு ஆள் வேணும்."